ஒருபக்கத் தாள்

ஜூலை 28, 2023, வெள்ளி

காலையிலேயே பிரிண்டர் மக்கர் செய்தது. எதிர்வீட்டு மூர்த்தி கேஸ் ரசீது எடுக்க வந்து அரை மணி நேரம் நின்றார். மூன்று முறை துடைத்து, ஊசியில் இங்க் ஏற்றி, நான்காவது முறைதான் எழுத்து தெரிந்தது. "சார் கை பட்டாத்தான் இது ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று பிறகு தோன்றியது.

தினகரன் பல் விளக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இதத் தூக்கிப் போடுங்க. புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன். போன்ல இருந்தே அடிக்கலாம்" என்றான். போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னான். திருப்பூருக்குத் தினமும் ரயிலில் போய் வருகிற பையன், அவனுக்கு எல்லாம் சட்டென்று முடிய வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்ற மறுவாரம் வாங்கிய பிரிண்டர் இது. ஆபீஸ் போன பிறகு மனிதனுக்கு ஒரு மேஜையாவது மிஞ்ச வேண்டாமா? தெருவே பதினோரு வருடமாக இந்த மேஜைக்குத்தான் வருகிறது. வேண்டாம் என்றேன்.

என்னுடைய ஒருபக்கத் தாளைப் பற்றியும் அவனுக்குக் கிண்டல்தான். ஒரு பக்கம் காலியாக இருக்கும் தாளைக் கசக்கிப் போட எனக்குக் கை வராது. முப்பத்தொரு வருட ஆபீஸ் பழக்கம் அது. கீழ் டிராயரில் அடுக்கி வைத்திருக்கிறேன். பேத்தி தன்ஷிகாவின் பிறந்தநாள் அழைப்பைத் திருப்பினால் யாரோ ஒருவரின் கரண்ட் பில் இருந்ததை அவன் இன்னும் ஆபீசில் சொல்லிச் சிரிக்கிறானாம். சிரிக்கட்டும். அழைப்பு போய்ச் சேர்ந்ததா இல்லையா?

ஆகஸ்ட் 5

கோகிலவாணி மாதிரி வினா விடை நாற்பது பக்கம் எடுத்தாள். மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை, படிப்பில் கெட்டிக்காரி. குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே வம்ச வரிசையெல்லாம் ஒப்பிக்கிறாள். அரசு வேலைத் தேர்வை மூன்று முறை எழுதி இரண்டு முறை ஓரிரு மார்க்கில் நழுவிப்போனது. இந்தப் பதவிக்கு அவளுக்கு வயது வரம்பு அடுத்த மாதத்தோடு முடிகிறது. "இதுதானுங்க மாமா கடைசி. இதுவும் போச்சுன்னா அப்பறம் அடுப்படிதான்" என்று சிரித்தபடிதான் சொன்னாள்.

ஏழாம் பக்கம் கோடு கோடாக வந்ததால் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். கெட்டதை டிராயரில் போட்டேன்.

ஆகஸ்ட் 9

ஒன்றுமில்லை. மழை. தன்ஷிகாவுக்கு லேசாக ஜுரம், என் மடியிலேயே தூங்கினாள்.

ஆகஸ்ட் 12, சனி

காலைப் பலகாரத்தின்போது ருக்குமணி கேட்டாள்: "ஏங் கண்ணு, வேலை கெடச்சா எங்க போடுவாங்க?"

"முதல் மூணு வருசம் சொந்த மாவட்டம் குடுக்க மாட்டாங்களாமுங்க அத்தை. எங்க போட்டாலும் போக வேண்டியதுதான்."

"அப்ப தன்ஷி?"

"அவளையும் கூட்டிட்டுத்தானுங்க போகணும். அங்கேயே ஸ்கூல் பாத்துக்கலாம்."

ருக்குமணி சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். "மாமா, இத மட்டும் புதுத் தாள்ல எடுத்துக் குடுங்க" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். போட்டோ பளிச்சென்று வந்தது. ஆதார் நகலையும் சேர்த்து முதுகோடு முதுகாகக் கண்ணாடிக் கவரில் நானே வைத்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வயதிலும் குழந்தைதான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

தேர்வு ஒன்பதரைக்கு. ஒன்றரை மணி சுமாருக்குத்தான் வருவாள் என்று இருந்தோம். பதினொன்றரைக்கே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடத்தில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நடந்தது இதுதான். பத்து மணி வாக்கில் கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட வந்திருக்கிறார். கவரிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பின்பக்கத்தில் வினா விடை. நூற்று இருபத்தொன்று முதல் நூற்று நாற்பது வரை, கோடு கோடாக இருந்தாலும் படிக்க முடிகிறது. விடைத்தாளை வாங்கிக்கொண்டு, தனி அறையில் உட்கார வைத்து, ஒரு பெண் போலீசை விட்டுச் சோதனை போட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அறையில் இருந்த முப்பது பேரும் பார்த்தார்களாம்.

"எனக்கு அழுகாச்சியே வரலீங்க அத்தை" என்றாள். ருக்குமணிதான் அழுதாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, எந்தத் தாள்ல எடுத்தீங்க?"

"புதுத் தாள்தான் அம்மிணி வச்சேன். டிரேயில அடியில பழசு ரெண்டு கெடந்திருக்கும். மெஷின் அதை இழுத்திருச்சு போல" என்றேன்.

தினகரன் பிரிண்டரை ஓங்கி ஓர் அறை அறைந்தான். "அன்னைக்கே தூக்கிப் போடச் சொன்னேன்!" என்று கத்தினான். குழந்தை பயந்துவிட்டாள்.

பழைய மெஷின்தானே, இழுக்காதென்று யார் சொல்ல முடியும்? பழசானால் ரோலர் தேயும், ரோலர் தேய்ந்தால் தாள் மாறும். அலமாரியில் புதுத் தாள் கட்டு அப்படியே ஒட்டின கவரோடு இருந்தது. சாயங்காலம் அதைப் பிரித்துப் பத்துத் தாள் எடுத்து டிரேயில் வைத்தேன். எப்படியும் பிரிக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. மூர்த்தி வந்து கேட்டார், முட்டிவலி என்றேன்.

ஆகஸ்ட் 18

நோட்டீஸ் வந்துவிட்டது. தேர்வு அறைக்குள் விடைக் குறிப்பு கொண்டுபோனதற்காக ஐந்து வருடம் எந்தத் தேர்வும் எழுதத் தடை விதிக்க உத்தேசம். எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், செப்டம்பர் நான்காம் தேதி கோயம்புத்தூரில் நேரில் விசாரணை. குற்றமில்லை என்று முடிவானால் இந்தத் தேர்வையே மறுபடி எழுத விடுவதும் உண்டாம். மழையில் தேர்வு நின்றுபோன ஒரு மையத்துக்குச் செப்டம்பர் பத்தாம் தேதி மறுதேர்வு வைக்கிறார்கள், அதில் சேர்த்துக்கொள்வார்களாம். தினகரன் யாரிடமோ விசாரித்துச் சொன்னான். அவள் முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு இன்றுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

விளக்கக் கடிதத்தை நான்தான் எழுதினேன். "மேற்படி அச்சு இயந்திரம் பதினோரு ஆண்டுகள் பழமையானதாலும், தாள் இழுக்கும் உருளை தேய்ந்துள்ளதாலும், டிரேயின் அடியில் தங்கியிருந்த பழைய தாள் எனது கவனத்துக்கு வராமலேயே..." ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இதே கையால் எத்தனை மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்து எத்தனை பேர் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன்! அவள் படித்துப் பார்த்து, "எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில்தானே கடிதம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தினகரன் ஒரு நல்ல யோசனை சொன்னான். பிரிண்டர் ரிப்பேர் என்று கடையில் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் விசாரணையில் காட்டலாமாம். அவனே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். நீ ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறாய், இரு, நான் போகிறேன் என்று சொல்லி ஆட்டோவில் வைத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாகிர் கடைக்குக் கொண்டுபோனேன்.

ஜாகிர் மூடியைக் கழற்றி, ரோலரை விரலால் சுற்றிப் பார்த்தார். இருபது தாள் வைத்து ஓட்டிப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. "என்ன சார் வச்சிருக்கீங்க! ரோலர் இன்னும் அஞ்சு வருசம் ஓடும். இங்க் வர்ற தலைதான் அடைச்சிருக்குது, சுத்தம் பண்ணித் தரட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம், எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்குங்க. புதுசு குடுங்க" என்றேன்.

"இதையா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

புது பிரிண்டரோடு வீட்டுக்கு வந்தேன். பழசு தேறாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார், சீட்டெல்லாம் தரும் பழக்கமில்லையாம் என்று சொன்னேன். தினகரனுக்கு ஒரே ஆச்சரியம். "கடேசில நீங்களே மாத்திட்டீங்களாப்பா!" என்று தோளைத் தட்டினான். ருக்குமணி பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். தன்ஷிகா போனிலிருந்து கலரில் ஒரு மயில் எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. சத்தமே இல்லை.

எல்லோரும் பல வருடமாகச் சொன்னதைத்தானே செய்தேன்.

ஆகஸ்ட் 26

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா சொல்வாள். காரணமில்லாமல் இன்று நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

விசாரணை. காலை ரயிலில் நானும் அவளும் போனோம். வழியெல்லாம் விடுபட்ட பாடங்களைப் படித்துக்கொண்டே வந்தாள், பத்தாம் தேதிக்காக.

அதிகாரி ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கடுமை இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இப்பிடி நடக்கக்கூடியதுதாம்மா. நானே வீட்ல பழைய பிரிண்டரோட மல்லுக்கட்டறேன்" என்றார். "ஆனா வெறும் வார்த்தைய வச்சு நான் எழுத முடியாது. அந்த மெஷினைக் கொண்டுபோய் ஒரு சர்வீஸ்காரர்கிட்ட ரோலர் தேஞ்சிருக்குன்னு எழுதி வாங்கிட்டு வந்துருங்க. எட்டாம் தேதிக்குள்ள குடுத்தா மறுதேர்வு லிஸ்டுல பேரைச் சேத்தர்றேன்."

"மெஷினை மாத்திட்டோமுங்க மேடம். ஆனா கடையிலதான் இருக்கும், நான் போய் வாங்கிட்டு வந்தர்றேன்!" என்றாள் கோகிலவாணி. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

திரும்பும் ரயிலில், "இந்நேரம் பிரிச்சுப் பார்ட் பார்ட்டா வித்திருப்பான் அம்மிணி, போயி ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"கேட்டுப் பாக்கறதுல என்னங்க மாமா?" என்றாள்.

செப்டம்பர் 5

நான்தான் போவேன் என்றேன். அதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலை பத்து மணிக்குப் போனவள் ஒரு மணிக்கு வந்தாள். வெறுங்கையோடு வந்தாள்.

"என்னாச்சு?" என்று ருக்குமணி கேட்டாள்.

"வித்துட்டாராமுங்க அத்தை. யாரோ ஜாதகம் பாக்கறவர் வாங்கிட்டுப் போனாராம்."

"அதான் மாமா அப்பவே சொன்னாங்க."

"ஆமாங்க" என்றாள். "ரோலர் நல்லா இருந்ததாலதான் வித்துச்சாமுங்க."

ருக்குமணிக்கு அது காதில் ஏறவில்லை, ரசத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி எனக்கு இலை போட்டாள். எப்போதும்போல் முதலில் பொரியல், பிறகு சாதம். மோர் ஊற்றும்போது போதுங்களா மாமா என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலாம் என்று இருந்தது. கேட்கவே இல்லை.

செப்டம்பர் 6

இன்றும் கேட்கவில்லை.

எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி டிரேயில் எந்தத் தாளும் இல்லை. கீழ் டிராயரைத் திறந்து மேலே இருந்த தாளை எடுத்தேன். அது கெட்டுப்போன ஏழாம் பக்கம். திருப்பிப் பார்த்தேன். வினா விடை என்று தெரிந்தது. தெரிந்துதான் வைத்தேன். பின்பக்கத்தை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஆதார் நகலை ஒட்டி வைத்துக் கவரில் போட்டேன்.

மெஷின் ஒரு பாவமும் அறியாது. வாயில்லாத ஜீவன் தலையில் பழியைப் போட்டு, அதைக் கண்காணாமலும் அனுப்பிவிட்டேன். அது வீட்டில் இருந்திருந்தால் அதன் மேலேயே இன்னொரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ.

செப்டம்பர் 7

யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூர் போனேன். பிரிண்டரில் எடுக்கவில்லை, கையால் எழுதிக்கொண்டு போனேன். தாளை வைத்தது நான், பின்பக்கத்தைப் பார்த்தும் வைத்தேன், மருமகளுக்கு எதுவும் தெரியாது, ரோலர் பழுது என்பது நான் சொன்ன பொய். நான்கு வரிதான். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சிறிய கடிதம் எழுதியதில்லை.

அந்த அம்மாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமேங்கய்யா."

"தப்புத்தானுங்க அம்மா."

"இப்ப என்னாச்சு பாருங்க. உருளை தேஞ்சு போச்சுன்னு உங்க மருமக கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இப்ப அதுவும் பொய்யின்னு ஆயிருச்சு. ரெண்டு கடுதாசி, ரெண்டு கதை. இதை நான் மேல அனுப்பித்தான் ஆகணும். முடிவு எட்டாம் தேதிக்குள்ள வராது."

அவளுக்குத் தெரியாதம்மா, நான் எழுதிக் கொடுத்ததை நம்பிப் போட்டாள் என்றேன். கெஞ்சினேன். இந்த வயதில் ஒரு ஆபீசில் நின்று கெஞ்சுவேன் என்று நினைத்ததில்லை. எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் இப்படி நின்றிருப்பார்கள், நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பேன்.

"நான் நம்பறேங்கய்யா" என்றார் அந்த அம்மாள். "நான் நம்பறதுல ஒண்ணும் இல்லை."

செப்டம்பர் 8

எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். தினகரன் எழுந்து வெளியே போய் ரோட்டில் நின்றான். ருக்குமணி, "ஏனுங்க, இப்பிடியுமா ஒரு மனுசன் பண்ணுவான்?" என்றாள். நாற்பத்து மூன்று வருடத்தில் என்னை மரியாதை விட்டு 'பண்ணுவான்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

கோகிலவாணி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையைக் குளிக்க வைக்கப் போனாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று அங்கே மறுதேர்வு. அவள் ஒன்பதரைக்குத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகங்களைக் கட்டி மேல் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

செப்டம்பர் 18

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. மூர்த்தி வீட்டுப் பெண் காலேஜ் ஃபாரம் எடுக்க வந்தாள். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லி அனுப்பினேன். புது பிரிண்டர் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

செப்டம்பர் 25, திங்கள்

உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, தடை இல்லை, எச்சரிக்கையோடு முடித்துவைக்கப்படுகிறது. இனிவரும் தேர்வுகளை விதிகளுக்கும் வயது வரம்புக்கும் உட்பட்டு எழுதலாம். அவளுக்கு வயது போன புதன்கிழமையோடு முடிந்தது.

ருக்குமணி உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "பேரு கெடாம வந்துச்சே, அது போதும்" என்றாள். கோகிலவாணியும் தலையாட்டினாள்.

செப்டம்பர் 27

காலையில் நான் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கோகிலவாணி காபி டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மிணி."

"புதுத் தாள் கட்டு கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. நானும் சொல்லியிருந்தேன். அப்பறம் ஏனுங்க மாமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் என் வாய் வரைக்கும் வந்தது. இந்த நோட்டில்கூட ஆறாம் தேதி நான் எழுதாமல் விட்ட பதில் அது. அன்று டிராயரைத் திறந்தபோது என் காதில் இட்லி சாப்பிடும்போது கேட்ட பேச்சுதான் இருந்தது. தன்ஷியை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விடுவாள், வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இவள் தேறாமல் போனால் தேவலை என்று நினைத்தேன். இப்படி ஆகும் என்று தெரியாது. மருதமலை முருகன் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்த கையில் அந்த நினைப்பும் இருந்தது.

"ஒரு தாள் வீணாகுதேன்னுதான் அம்மிணி" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

"அதானுங்க நானும் நெனச்சேன். உங்க பழக்கம் அது, இப்பிடி ஆகும்னு உங்களுக்கும் தெரிஞ்சா பண்ணுனீங்க" என்று சொல்லிவிட்டு, காபி ஆறுதுங்க மாமா என்றாள்.

என்னை மன்னிக்க அவளே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.